ஆந்தைக் குரலும் உடையார்குடிக் கல்லும்

ரவிதாசன் நிஜமாகவே வாழ்ந்தவன்! இது தெரியவந்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை. கல்கியின் 'பொன்னியின் செல்வன்' படித்த எவருக்கும் அவனை மறக்க முடியாது. நள்ளிரவில் ஆந்தைபோல் அலறி ஆட்களை வரவழைப்பான். மந்திரவாதி என்று சொல்லிக்கொண்டு பழுவூர் இளையராணியின் அரண்மனைக்கே வந்து போவான். இப்படி ஒருவனைக் கல்கி கதைக்காகக் கற்பனையில்தான் பிடித்திருப்பார் என்று நாம் நினைத்துக்கொள்வோம். ஆனால் காட்டுமன்னார்கோயிலை ஒட்டிய உடையார்குடியில், அனந்தீசுவரர் கோயில் சுவரில், ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக அவன் பெயர் கல்லில் இருக்கிறது.

அந்தக் கல்லைப் பார்ப்பதற்காகவே போனேன். கூட வந்த நண்பருக்குச் சோழர் காலத்து எழுத்து படிக்கத் தெரியும். விரல் கல்லில் படாமல், ஓர் அங்குலம் தள்ளியே நகர்த்திக்கொண்டு, ஒவ்வொரு சொல்லாகக் கூட்டிப் படித்தார். புள்ளியில்லாத எழுத்து, எங்கே ஒரு சொல் முடிகிறது, எங்கே அடுத்தது தொடங்குகிறது என்பதே பழகியவருக்குத்தான் புரியும். பாண்டியன் தலைகொண்ட கரிகாலச் சோழன் என்று வந்தது. அவனைக் கொன்று துரோகிகள் ஆனவர்கள் என்று வந்தது. பிறகு சோமன். பிறகு ரவிதாசன். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. சின்ன வயதிலிருந்து கதையில் பயந்து பயந்து படித்த ஒரு பெயரைக் கருவறைச் சுவரில் கண்ணெதிரே பார்ப்பதென்றால் சும்மாவா!

அது என்ன ஆவணம் தெரியுமா? நிலச் சமாச்சாரம்! கரிகாலனின் தம்பி ராஜராஜன் பட்டத்துக்கு வந்தது 985-இல். அவனுடைய இரண்டாம் ஆட்சியாண்டில் வீரநாராயணச் சதுர்வேதிமங்கலத்துச் சபைக்கு ஓலை போகிறது. கொலைகாரர்கள், அவர்களுடைய உறவினர் எல்லோருடைய நிலத்தையும் பறிமுதல் செய்யச் சொல்லும் ஓலை. கொலை நடந்து 15 ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. இளவரசன் ஆதித்த கரிகாலன் எங்கே கொல்லப்பட்டான், எப்படி, எதற்காக, யார் தூண்டினார்கள் என்று ஒரு வார்த்தை கிடையாது. சோழ சாம்ராஜ்யத்தின் மிகப் பெரிய மர்மக் கொலைக்கு நமக்குக் கிடைத்த சாட்சி ஒரு பறிமுதல் உத்தரவு. மர்மக்கதை எழுதுகிறவனுக்கு இதைவிட நல்ல தொடக்கம் யாரால் கொடுக்க முடியும்?

கல்வெட்டில் உள்ளவர்களின் பட்டங்களைப் பாருங்கள். ரவிதாசனுக்குப் பஞ்சவன் பிரமாதிராஜன் என்று பட்டம். அவன் தம்பி பரமேசுவரனுக்கு இருமுடிச்சோழ பிரமாதிராஜன் என்று பட்டம். பிரமாதிராஜன் என்பது அரசாங்கத்தில் உயர்ந்த பதவியில் இருந்த பிராமண அதிகாரிகளுக்குக் கொடுக்கப்பட்ட பட்டம். ஆக, இவர்கள் காட்டில் பதுங்கித் திரிந்தவர்கள் இல்லை. அரசாங்கத்துக்கு உள்ளேயே இருந்தவர்கள். ஒரு பட்டத்தில் பாண்டிய வாசனை அடிக்கிறது, இன்னொன்றில் சோழ வாசனை. அப்படியானால் இவர்கள் யாருடைய ஆட்கள்?

கல்கி இந்த இடத்தில் செய்த காரியத்தைத்தான் நான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறேன். அந்த அதிகாரிக்கு மந்திரவாதி வேஷம் போட்டுவிட்டார். கரிகாலன் தலைகொண்ட வீரபாண்டியனின் மெய்க்காவலர்களான ஆபத்துதவிகளில் ஒருவனாக்கி, பழிக்குப் பழி வாங்கச் சபதம் எடுக்கவைத்து, தொண்டையில் ஓர் ஆந்தையையும் வைத்துவிட்டார். அவ்வளவுதான்! கல்லில் வெறும் பெயராகக் கிடந்தவனுக்கு உடம்பு வந்துவிட்டது. ஆந்தை அலறினாலே நமக்குத் தெரிந்துவிடுகிறது, எங்கோ பக்கத்தில் சதி நடக்கிறது என்று. ஒரே சத்தத்தில் மாயமும் இருக்கிறது, மர்மமும் இருக்கிறது, அடுத்து என்ன என்ற திகிலும் இருக்கிறது. சரித்திரக் கதையில் இந்த மூன்றையும் சேர்ப்பது எப்படி என்று கேட்கிறவர்களுக்கு நான் இந்த ஆந்தையைத்தான் காட்டுவேன்.

நானும் சரித்திரச் சிறுகதைகள் எழுதுகிறவன்தான். மாயத்தைக் கதைக்குள் எப்படிக் கொண்டுவருவது என்பது எங்கள் கூட்டத்தில் ஓயாத பேச்சு. கொஞ்சம் அதிகமானால் அம்புலிமாமா ஆகிவிடும். அடியோடு எடுத்துவிட்டால் பத்தாம் நூற்றாண்டு மனிதர்கள் இருபதாம் நூற்றாண்டு குமாஸ்தாக்கள் மாதிரி யோசிக்க ஆரம்பித்துவிடுவார்கள். அந்தக் காலத்து மனிதன் சகுனம் பார்த்தான், சாமியாட்டம் பார்த்துக் கைகூப்பினான், வால்நட்சத்திரம் கண்டால் அரசகுடும்பத்துக்கு ஆகாது என்று நடுங்கினான். அவனை எழுதிவிட்டு அவன் பயத்தை எழுதாமல் விட்டால் எப்படி? கல்கி அந்தப் பயத்தை முழுசாக வாங்கிக்கொள்கிறார். வாங்கிக்கொண்டு, அதைக் கதையில் வேலை செய்ய வைக்கிறார்.

கடம்பூர் மாளிகையில் நடக்கும் வேலனாட்டத்தைப் பாருங்கள். விருந்து முடிந்து குரவைக் கூத்து நடந்து, தேவராளன் வெறியேறி ஆடத் தொடங்குகிறான். ஆட்டம் ஏற ஏற உடுக்கையும் ஏறுகிறது. சாமி வந்துவிட்டது, குறி சொல்கிறான், பழமையான ராஜகுலத்து ரத்தத்தைக் காளி கேட்கிறாள் என்கிறான். அந்தச் சமயத்தில் அங்கே கூடியிருக்கும் பெரிய மனிதர்களுக்குள் ஒரு பார்வை ஓடுகிறது பாருங்கள்! படிக்கிற நமக்கும் உள்ளங்கை வேர்க்கிறது. சாமியே சொல்லிவிட்டதோ என்று ஒரு கணம் நாமும் நம்பிவிடுகிறோம். சில அத்தியாயங்கள் கழித்து, திருப்புறம்பயம் பள்ளிப்படைக் காட்டில், இருட்டில் கூடும் சதிகாரர்கள் நடுவே அதே தேவராளன் உட்கார்ந்திருக்கிறான்! அந்தக் குறி சாமி சொன்னதா, சதிகாரன் சொன்னதா? சொன்னது சதிகாரன்தான். ஆனாலும் கடைசியில் அந்த ரத்தம் அதே கடம்பூரில் சிந்தத்தான் செய்கிறது. குறி பலித்துவிட்டது! பொய்யாகச் சொல்லப்பட்ட வாக்கு மெய்யாகப் பலிக்கிற அந்த இடத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சிலிர்க்கிறது.

அந்தத் திருப்புறம்பயமும் சும்மா பொறுக்கிய இடம் இல்லை. ஒன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் பல்லவர், பாண்டியர், கங்கர், சோழர் எல்லோரும் மோதிக்கொண்ட போர்க்களம் அது. கங்க மன்னன் பிருதிவீபதி அங்கே விழுந்தான். பாண்டியர்கள் அடியோடு தோற்ற மண்ணில், செத்துப்போன அரசனின் பள்ளிப்படைக்குப் பக்கத்தில், பாண்டியனுக்காகப் பழிவாங்கச் சத்தியம் செய்கிறார்கள். பேய் உலாவும் இடம் என்று ஊர்க்காரர்கள் ராத்திரியில் அந்தப் பக்கம் போகமாட்டார்கள். அதனாலேயே சதிகாரர்களுக்கு வசதி. ஜனங்களின் பயம் சதிக்குக் காவல் நிற்கிறது. ஒற்றன் ஆழ்வார்க்கடியான் மரத்துக்குப் பின்னால் ஒளிந்து கேட்டுக்கொண்டிருக்க, நாமும் அவனோடு மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறோம்.

இன்னொன்று சொல்லவேண்டும், சொல்லாமல் என்னால் இருக்க முடியாது. கதை எங்கே தொடங்குகிறது? ஆடிப் பதினெட்டாம் பெருக்கன்று, வீரநாராயண ஏரிக்கரையில். கதாநாயகன் வந்தியத்தேவன் குதிரைமேல் எழுபத்து நான்கு கணவாய்களையும் எண்ணிக்கொண்டு வருகிறான். அந்த ஏரிதான் இன்றைய வீராணம். அடுத்து அவன் போகும் வீரநாராயணபுரம்தான் இன்றைய காட்டுமன்னார்கோயில். உடையார்குடிக் கல்வெட்டு இருக்கும் ஊர்! அன்றிரவு அவன் தங்கும் கடம்பூர் அங்கிருந்து சில மைல்தான். கொலைகாரர்களின் பெயர் பொறித்த சுவர் இருக்கும் ஊருக்குள்ளேயே கதாநாயகனை முதல் நாளன்று நடக்கவிட்டிருக்கிறார் கல்கி. கதை நடக்கும் காலத்தில் கொலையே இன்னும் நடக்கவில்லை. கல்லில் எழுத்து இன்னும் ஏறவில்லை. கொலை எங்கே நடந்தது என்று சரித்திரம் சொல்லாதபோது, அதைக் கடம்பூரில் வைக்க அவருக்கு யார் கட்டளையிட்டார்கள்? வரைபடத்தை விரித்துவைத்து இந்த மூன்று இடங்களையும் குறித்துப் பார்த்தபோது நான் கத்தியேவிட்டேன். சரித்திரம் விட்ட வெற்றிடத்தைச் சரித்திரம் நடந்த மண்ணைக் கொண்டே நிரப்பியிருக்கிறார் மனிதர்!

மாயத்துக்குக் கல்கி வைத்திருக்கும் வழி ஒன்றல்ல. தஞ்சை அரண்மனையில் சுந்தர சோழரைப் பாதிராத்திரியில் ஒரு பெண்ணின் ஆவி வாட்டுகிறது. எப்போதோ இறந்துபோனதாக அவர் நம்பும் ஈழத்துக் கரையர் மகளின் ஆவி. நோயாளிச் சக்கரவர்த்தி அலறுகிறார். மேல்மாடத்திலிருந்து கேட்ட, இளவரசி குந்தவையின் தோழி வானதி நடுங்கிப்போகிறாள். நமக்கும் பேய்க்கதை கேட்பதுபோல் இருக்கிறது. பிறகு சிறிது சிறிதாக முடிச்சு அவிழ்கிறது: அந்தப் பெண் சாகவில்லை, அவள் முகத்தையே உரித்துவைத்த இன்னொரு முகம் இந்த அரண்மனைச் சுற்றிலேயே நடமாடுகிறது. ஆவியின் பின்னால் மனிதச் சூழ்ச்சி இருக்கிறது. இதோடு நிறுத்தியிருந்தால் கெட்டிக்கார மர்மக்கதை என்று பாராட்டிவிட்டுப் போயிருப்பேன். அவர் நிறுத்தவில்லை. அந்தக் கரையர் மகள், ஊமை ராணி, நிஜமாகவே, உயிரோடு, சுரங்கவழியாகச் சக்கரவர்த்தியின் அறைக்கு வருகிறாள். வேல் பாயும்போது குறுக்கே விழுந்து அவர் உயிரைக் காப்பாற்றித் தன் உயிரைக் கொடுக்கிறாள். வருஷக்கணக்காகப் பேய் என்று நினைத்துப் பயந்தவளின் மடியில்தான் அவருடைய நிம்மதி இருந்திருக்கிறது. அந்த அத்தியாயத்தை அழாமல் படித்தவர்களை நான் இதுவரை சந்திக்கவில்லை.

கோடிக்கரை வேறு மாதிரி. படகோட்டிப் பெண் பூங்குழலி வந்தியத்தேவனைக் கூட்டிப்போய்ச் சதுப்பு நிலத்தில் குப்குப்பென்று எரிந்து மறையும் தீயைக் காட்டுகிறாள். கொள்ளிவாய்ப் பிசாசுகள்! அவர்கள்தான் தன் காதலர்கள் என்று சொல்லிச் சிரிக்கிறாள். சதுப்பில் எழும் வாயுதான் எரிகிறது என்று இன்று நமக்குத் தெரியும். தெரிந்தும் என்ன? அந்த இருட்டு, அந்தச் சேறு, தன்னந்தனியாக நிற்கும் அந்தப் பெண்ணின் சிரிப்பு எல்லாம் சேர்ந்து செய்யும் வேலையை எந்த விளக்கத்தாலும் குறைக்க முடியவில்லை. பிசாசு இங்கே சதிக்கு உதவவில்லை. ஒரு பெண்ணின் மனசுக்குள் எரிவதைக் காட்டுகிறது.

எல்லாவற்றையும்விட நான் கொண்டாடுவது குடந்தை சோதிடர் வீட்டை. வானதியின் கையைப் பார்த்து, இவள் வயிற்றில் பிறக்கப்போகும் பிள்ளை கால் வைத்த இடமெல்லாம் வெற்றிகொள்வான் என்கிறார் சோதிடர். அங்கே இருக்கும் குந்தவைக்கு அது நம்பிக்கை, வானதிக்கு வெட்கம். நமக்கோ அது சரித்திரம்! கங்கையும் கடாரமும் கொண்ட ராஜேந்திரன் வரப்போகிறான் என்பது பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கும் தெரியும். சோதிடம் பலிக்குமா என்ற சந்தேகம் படிக்கிறவனுக்கு எழவே வழியில்லை. மாயத்துக்குச் சரித்திரமே ஜாமீன் கையெழுத்துப் போடுகிறது! சரித்திரக் கதை எழுதுகிறவனைத் தவிர வேறு யாருக்கும் கிடைக்காத வசதி இது. இதை எனக்குத் தெரிந்த எழுத்தாளர்களிடமெல்லாம் சொல்லியாகிவிட்டது. பலர் உடனே எழுந்து போய்ப் புத்தகத்தைப் புரட்டினார்கள்.

இந்த இடங்களையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் ஒன்று தெரியும். பேய் உண்டு என்று கல்கி சத்தியம் செய்வதில்லை. பேயை நம்புகிறவர்களைக் கேலியும் செய்வதில்லை. நம்பிக்கை கதாபாத்திரத்தின் கையில் இருக்கிறது. திரை ஆசிரியரின் கையில் இருக்கிறது. எப்போது, எவ்வளவு விலக்குவது என்பதில்தான் அவருடைய வித்தை.

திரை என்றதும் பழுவூர்ப் பல்லக்குதான் நினைவுக்கு வருகிறது. சஸ்பென்ஸ் என்பதை ஒருவர் கற்றுக்கொள்ளவேண்டுமானால் அந்த மூடுபல்லக்கை மட்டும் பின்தொடர்ந்து போனால் போதும். முதலில் இளையராணியின் கணவர் பெரிய பழுவேட்டரையரின் பரிவாரத்தோடு அது வருகிறது. திரைக்குள்ளே இளையராணி என்று ஊரே சொல்கிறது. ஆழ்வார்க்கடியான் அவளைப் பார்க்கத் தவிக்கிறான். அன்றிரவு கடம்பூரில், யாருக்கும் தெரியாமல் மறைந்திருந்து பார்க்கும் வந்தியத்தேவன் கண்முன் பல்லக்கின் திரை விலகுகிறது. வெளியே வருவது மதுராந்தகன்! பெண் இருக்கவேண்டிய இடத்தில் சிம்மாசனத்துக்கு ஆசைப்படும் ஓர் இளவரசன். ஒரு திரை விலகியதில் முழு ராஜ்யச் சதியும் வெளியே வந்துவிட்டது. இத்தோடு எல்லாம் தெரிந்துவிட்டது என்று வந்தியத்தேவன் நினைக்கிறான், நாமும் நினைக்கிறோம்.

பிறகு தஞ்சாவூர்ச் சாலையில் அதே பல்லக்கு வருகிறது. உள்ளே இருப்பது மதுராந்தகன்தான் என்ற நிச்சயத்தில், வந்தியத்தேவன் வேண்டுமென்றே குதிரையைக் கொண்டுபோய்ப் பல்லக்கில் இடித்துவிட்டு, பல்லக்கு வந்து தன் குதிரையை இடித்துவிட்டது என்று கூச்சல் போடுகிறான். நமக்குச் சிரிப்பு தாங்கவில்லை. திரை விலகுகிறது. இந்த முறை இளையராணி நந்தினி! சிரிப்பு அப்படியே நின்றுபோகிறது. ஒரே பல்லக்கு, இரண்டு முறை விலகும் திரை, இரண்டு முறையும் எதிர்பாராத முகம். முதல் முறை நம்மை ஏமாற்றியதை வைத்தே இரண்டாவது முறையும் ஏமாற்றிவிட்டார். அதுவும் நாம் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருக்கும்போது! இந்த இரண்டு அத்தியாயங்களையும் அடுத்தடுத்து வைத்துப் படித்துப் பாருங்கள். நான் அடிக்கடி அப்படிப் படிக்கிறேன். ஒவ்வொரு தடவையும் திரை விலகும் இடத்தில் மனசு படபடக்கிறது.

வாரப் பத்திரிகையில் வந்த தொடர்கதை என்பதால் இந்தப் படபடப்புக்கு இன்னொரு பலம். 1950 அக்டோபரில் 'கல்கி' இதழில் தொடங்கி 1954 வரை ஓடியது. ஐந்து பாகம், 293 அத்தியாயம். எங்கள் அத்தை வீட்டில் இதழ்களிலிருந்து கிழித்துத் தைத்துப் பைண்டு செய்த தொகுப்பு ஒன்று இருக்கிறது. பக்கங்கள் அப்பளம்போல் ஒடியும். ஓரமாகச் சோப்பு, தலைவலித் தைல விளம்பரங்கள். நடுவே மணியத்தின் ஓவியங்கள். அந்த நந்தினியின் கொண்டையைப் பார்த்திருக்கிறீர்களா? கல்கி சொல்லால் போட்ட மயக்கத்தை மணியம் கோட்டால் போட்டிருப்பார். வார முடிவில் எந்த இடத்தில் கதை நின்றது என்பது அந்தத் தொகுப்பில் பளிச்சென்று தெரியும். யாரோ தோளில் கைவைத்தார்கள், விளக்கு மங்கியது, ஆந்தை அலறியது. அடுத்த இதழ் வரும்வரை தூங்காதே என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். அடுத்த வாரம் அந்தக் கை யாருடையது என்று தெரிந்துகொள்ள எங்கள் அத்தை தபால்காரரை வாசலிலேயே மடக்கி வாங்குவாராம். சொல்லும்போது இப்போதும் அவர் முகத்தில் அன்றைய சின்னப் பெண்ணைப் பார்க்கலாம்.

இந்தக் கலவையை அவர் திடீரென்று கண்டுபிடிக்கவில்லை. 1940-களின் தொடக்கத்தில் வந்த 'பார்த்திபன் கன'விலேயே ஒற்றைக்கை மகாகபால பைரவர் இருக்கிறார். நரபலி, மண்டையோட்டு மாலை, காளி கோயில் எல்லாம் இருக்கிறது. அந்தக் கபாலிகனுக்குள் யார் ஒளிந்திருக்கிறான் என்பதுதான் மர்மம். அந்தக் கை எப்படிப் போனது என்ற கதையைப் பிறகு எழுதிய 'சிவகாமியின் சபத'த்தில் வைத்தார். அங்கும் மாயவேஷத்துக்குள் ராஜ்யச் சதிதான். ஆனால் அங்கே முகமூடி கழன்றவுடன் மர்மம் தீர்ந்துவிடுகிறது. 'பொன்னியின் செல்வ'னில் தீராத மர்மத்தைத் தொட்டார்.

வெளிநாட்டிலும் இதே நரம்பைப் பிடித்தவர்கள் உண்டு. இத்தாலிய எழுத்தாளர் உம்பர்த்தோ எக்கோ 1980-இல் எழுதிய 'ரோஜாவின் பெயர்' நாவலில், 1327-ஆம் ஆண்டு, மலைமேல் ஒரு மடம். துறவிகள் ஒவ்வொருவராகச் சாகிறார்கள். மடத்து நூலகத்தில் ராத்திரியில் ஆவிகள் உலவுவதாகப் பயம். உள்ளே போனால் உருவத்தைக் கோணலாக்கும் கண்ணாடி, மயக்கம் தரும் மூலிகைப் புகை. அங்கும் ஜனங்களின் பயம் ஒரு ரகசியத்துக்குக் காவல் நிற்கிறது! அதைப் படித்தபோது எனக்கு உடனே திருப்புறம்பயம்தான் நினைவுக்கு வந்தது. எக்கோவைப் படித்துப் பிரமித்தேன், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அங்கே துப்பறிகிறவர் கடைசியில் உண்மையைக் கண்டுபிடித்துவிடுகிறார்.

கல்கி கண்டுபிடிக்கவில்லை. வேண்டுமென்றே! கடம்பூர் மாளிகையின் அந்த அறையை நினைத்துப் பாருங்கள். நந்தினியின் கையில் வீரபாண்டியனின் வாள். எதிரே சாவுக்குத் துணிந்து வந்த ஆதித்த கரிகாலன். யாழ்க் களஞ்சியத்துக்குள் ஒளிந்திருக்கும் வந்தியத்தேவன். இன்னொரு பக்கம் கடம்பூர் இளவரசி மணிமேகலை. சுரங்கவழியில் ரவிதாசனின் ஆட்கள். முகத்தில் கரிபூசிக்கொண்டு, யாரும் எதிர்பாராமல் வந்து நிற்கும் பெரிய பழுவேட்டரையர். அத்தனை பேருக்கும் கொல்லவோ தடுக்கவோ ஒரு காரணம் இருக்கிறது. வந்தியத்தேவனின் கழுத்தை இருட்டில் இரும்புப்பிடியாக ஒரு கை பிடிக்கிறது. விளக்கு அணைகிறது.

விளக்கு மறுபடி ஏற்றப்படும்போது இளவரசன் கிடக்கிறான்.

என்ன தைரியம்! ஐந்து பாகத்துக்கு வளர்த்துக்கொண்டுவந்த கேள்வியை, முகம் தெரியவேண்டிய அந்த ஒரு நொடியில், இருட்டில் போட்டு மூடிவிட்டார். பிறகு வந்தியத்தேவன்மேல் பழி விழுகிறது. அவனைச் சிறையில் அடைக்கிறார்கள். மணிமேகலை நான்தான் கொன்றேன் என்கிறாள். பழுவேட்டரையர் தன் திருகு கத்தியைப் பற்றிச் சொல்லிப் பழியைத் தன் தலைமேல் ஏற்றுக்கொண்டு உயிரை விடுகிறார். வாக்குமூலம் ஒன்றுக்கு மேல் இருக்கிறது, முடிவு மட்டும் இல்லை. ஒருவர் அன்பினால் பொய் சொல்லியிருக்கலாம். இன்னொருவர் மானத்தினால் சொல்லியிருக்கலாம். படிக்கிறவர் யாரை நம்புகிறாரோ அதற்குத் தக்கபடி முழு நாவலும் வேறு நிறம் எடுக்கிறது.

சரித்திரத்திலும் விளக்கு அணைந்துதான் கிடக்கிறது. நீலகண்ட சாஸ்திரி, இந்தக் கொலையில், ராஜராஜனுக்கு முன் ஆண்ட சிற்றப்பன் உத்தம சோழனுக்குப் பங்கு இருந்திருக்கலாம் என்று சந்தேகப்பட்டார். சதாசிவ பண்டாரத்தார் அதை மறுத்தார்: உத்தம சோழன் குற்றவாளியாக இருந்திருந்தால், ராஜராஜன் அவனுக்கு அரியணையை விட்டுக்கொடுத்திருப்பானா? விட்டுக்கொடுத்தான் என்பதைத் திருவாலங்காட்டுச் செப்பேடு சொல்கிறது. குடிமக்கள் வேண்டியும், சிற்றப்பனுக்கு ஆசை இருக்கும்வரை ராஜ்யம் வேண்டாம் என்று இருந்தானாம். அந்த ஒரு செய்தியிலிருந்துதான் 'தியாகச் சிகரம்' என்ற ஐந்தாம் பாகமே எழுந்து நிற்கிறது. பெரிய பெரிய ஆராய்ச்சியாளர்களே இரண்டு பக்கமாக நிற்கும்போது, ஒரு நாவலாசிரியர் ஏதாவது ஒரு முகத்தைக் காட்டி இவன்தான் என்று சொல்லியிருந்தால் கதை அன்றோடு முடிந்திருக்கும். கல்வெட்டு எவ்வளவு சொன்னதோ அவ்வளவுக்குக் கல்கி விளக்கைப் பிடித்தார். அது எங்கே வாய்மூடியதோ அங்கே அணைத்தார். இருட்டைக்கூட ஆதாரத்தோடு எழுதிய மனிதர்!

நந்தினி யார் என்ற கேள்வியும் அப்படித்தான். அவள் தகப்பன் யார் என்று கதைக்குள்ளேயே ஒவ்வொருவர் ஒவ்வொன்று சொல்கிறார்கள். அவளுக்கே ஒவ்வொரு சமயம் ஒவ்வொன்று சொல்லப்படுகிறது. கல்வெட்டிலோ செப்பேட்டிலோ அவள் கிடையாது. முழுக்கக் கல்கியின் படைப்பு. அப்படியிருந்தும் ஆதாரமுள்ள குந்தவையைவிட ஆதாரமில்லாத நந்தினியைத்தான் ஜனங்கள் சரித்திரத்தில் தேடுகிறார்கள். பழுவூர்ப் பக்கத்துக் கோயில்களில் நந்தினியின் சிலை எங்கே இருக்கிறது என்று கேட்டு வருகிறவர்களை நானே கண்ணால் பார்த்திருக்கிறேன். அவர்கள் கேட்பதில் இருந்த ஆவலைப் பார்க்க எனக்கு அவ்வளவு சந்தோஷம்!

தொடர் முடிந்ததும் இன்னும் இது என்னாயிற்று, அவள் என்னானாள் என்று வாசகர்கள் கேட்டார்கள். அதற்காகவே கல்கி ஒரு முடிவுரை எழுதினார். அதே 1954 டிசம்பரில் அவர் மறைந்தார். நண்பர்கள் கூடினால் கரிகாலனைக் கொன்றது யார் என்ற வழக்கு எங்களுக்குள் இன்றைக்கும் நடக்கிறது. ஒருவர் ரவிதாசன் என்பார். கல்லே சொல்கிறதே, அப்புறம் என்ன பேச்சு என்பார். இன்னொருவர் கரிகாலனே வாளைத் தன்மேல் வாங்கிக்கொண்டான் என்று சாதிப்பார். பழுவேட்டரையரின் வாக்குமூலத்தை வரிவரியாக ஒப்பிக்கிற ஒருவரும் உண்டு. நான் பழுவேட்டரையர் கட்சி. போன தடவை ராத்திரி இரண்டு மணிவரை பேசியும் தீரவில்லை. அடுத்த தடவை அந்த அத்தியாயங்களை உரக்கப் படித்துவிட்டு மறுபடி விசாரணை என்று ஒத்திவைத்திருக்கிறோம்.